"கம்மா பெருகிருச்சாம்மா?"

கேள்வி:

நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி, பெங்களூருவில் வேலை பார்க்கும் மகன் எங்கள் இருவரையும் சென்ற ஜனவரியில் ஆறு நாட்கள் துபாய்க்கு அழைத்துச் சென்றான். புர்ஜ் கலீஃபாவின் 124-ஆவது மாடி, நீரூற்று, ஓட்டுநர் இல்லாத மெட்ரோ, பாலைவனப் பயணம் என எல்லாவற்றையும் பார்த்தோம். பார்த்தபோது மனம் நிறைந்தது என்பது உண்மை. புறப்படுவதற்கு முந்தைய இரவு, விடுதிக் கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டு அருகில் வந்தார். இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர்ப் பக்கம் சொந்த ஊர் என்றும், வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றும், தான் வந்த பிறகு பிறந்த மகளை இன்னும் கையில் எடுத்ததில்லை என்றும் சொன்னார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "நம்ம பக்கம் இந்த வருசம் கம்மா பெருகிருச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். கம்மா என்பது கண்மாய், எங்கள் பக்கத்துப் பாசன ஏரி. என் தங்கை முதுகுளத்தூரில்தான் இருக்கிறாள். ஆனால் நான் அங்கே போய் ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. விசாரித்துச் சொல்கிறேன் என்று அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டு வந்தேன். அது முதல் துபாயே எனக்குச் செயற்கையாகத் தோன்றுகிறது. "பிள்ளை ஆசையாகச் செலவழித்ததை இப்படியா பேசுவது?" என்று கணவர் கோபப்படுகிறார். இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பையன் அதே ஊருக்கு வேலைக்குப் போகவிருக்கிறான். "அக்கா, நீங்க பாத்துட்டு வந்தீங்களே, அனுப்பலாமா?" என்று அவன் தாய் கேட்கிறாள். நான் என்ன சொல்வது? நான் நன்றி இல்லாதவளா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மனத்தை அலைக்கழிப்பது அந்த நகரம் முழுவதும் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் கேட்ட கேள்விக்கு உங்களால் விடை சொல்ல முடியவில்லை. அந்தக் குறைதான் பார்த்த காட்சிகள் அனைத்தின் மீதும் நிழலாகப் படிந்திருக்கிறது. ஆகவே நன்றி இல்லாதவளா என்ற கேள்வியை முதலில் விலக்கி வையுங்கள். மகன் காட்டிய காட்சிகளைக் கண்டு மகிழ்ந்தீர்கள். மகன் காட்டாத ஒருவரையும் கண்டீர்கள். இரண்டும் அதே ஆறு நாட்களில் நடந்தவைதான். ஒன்றைச் சொன்னால் மற்றது பொய்யாகிவிடுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. "செயற்கை" என்ற சொல்லைக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு இல்லாத மணலில், கடல்நீரைக் குடிநீராக்கி, கழிவுநீரைச் சுத்திகரித்து மரம் வளர்க்கும் ஊரைப் பார்த்தவர்கள் பலரும் இந்தச் சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் நம் சென்னையும் 2010 முதல் மீஞ்சூரிலும் 2013 முதல் நெம்மேலியிலும் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடித்துக்கொண்டிருக்கிறது. வீராணம் ஏரியின் நீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணம் செய்து அந்நகருக்கு வருகிறது. முதுகுளத்தூர்க் கண்மாயும் தானாகத் தோன்றியதன்று. யாரோ மண் சுமந்து கரை கட்டியதால்தான் அங்கே நீர் நிற்கிறது. மனிதர் கட்டியது என்பதற்காக ஓர் ஊரைக் குறை சொல்லத் தொடங்கினால், நாம் மதிக்கும் எதுவும் மிஞ்சாது. உங்கள் வருத்தத்துக்கு இதைவிடச் சரியான விளக்கம் தேவைப்படுகிறது. அதற்கு வருமுன், நீங்கள் வியந்ததில் தவறில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

துபாய் என்றால் எண்ணெய்ப் பணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதே 1966-இல்தான். அதுவும் பக்கத்து அபுதாபியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதற்கு முன்பு, நம் மன்னார் வளைகுடாக் கரையோரத்தவரைப் போலவே, அந்தக் கரையில் வாழ்ந்தவர்களும் கடலில் மூழ்கி முத்தெடுத்துப் பிழைத்தவர்கள். 1930-களில் ஜப்பானின் வளர்ப்பு முத்துகளும் உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வந்தபோது அந்தத் தொழில் அடியோடு சரிந்தது. ஊருக்குள் நுழையும் கடற்கழியிலும் மணல் மேவிக் கப்பல்கள் வர முடியாமல் போகும் நிலையில், 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எண்ணெய்ப் பணம் வருவதற்கு முன்பே, குவைத்திடம் கடன் வாங்கி அதைத் தூர்வாரினார்கள். தேரா கரையிலிருந்து பர் துபாய்க்கு ஆப்ரா படகில் ஒரு திர்ஹாம் கொடுத்துக் கடந்திருப்பீர்களானால், நீங்கள் கடந்தது அந்த நீரைத்தான். இன்னொன்றும் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: 1966 வரை அந்த ஊரின் கடைகளில் புழங்கியது ரூபாய். முதலில் நம் இந்திய ரூபாயும், 1959-க்குப் பின் வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தனி ரூபாயும் அங்கே செல்லுபடியாயின. 828 மீட்டர் உயரக் கோபுரத்தை 2010 ஜனவரியில் திறந்த ஊர், ஒரு மனித ஆயுளுக்குள் அந்த நிலையிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைக் கண்டு ஓர் ஆசிரியை மனம் நிறைந்து நின்றதில் வெட்கப்பட ஏதுமில்லை. மெட்ரோவில் பெண்களுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் நிம்மதியாக அமர்ந்ததையும், போன இடமெல்லாம் கழிப்பறை சுத்தமாக இருந்ததையும் நீங்கள் நினைத்துப் பார்த்தால், அவையும் அற்பமான காரணங்கள் அல்ல. நம் பேருந்து நிலையங்களில் தண்ணீர் குடிக்கப் பயந்து மணிக்கணக்கில் நாவறண்டு பயணம் செய்யும் பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி, அந்தச் சரியான விளக்கத்துக்கு வருகிறேன். அந்நகரில் வாழ்பவர்களில் பத்தில் ஒன்பது பேரளவுக்கு வெளிநாட்டவர். அவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே தங்கும் உரிமை வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால், குறித்த அவகாசத்துக்குள் வேறு வழி காணாவிட்டால், ஊரைவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். புர்ஜ் கலீஃபாவைக் கட்டியபோது, பணி உச்சத்தில் இருந்த நாட்களில், ஒரே நேரத்தில் 12,000 பேருக்கு மேல் அங்கே உழைத்தார்கள். அவர்களில் மிகப் பலர் நம் துணைக்கண்டத்தவர். அவர்கள் எவ்வளவு காலம் உழைத்தாலும் அந்த ஊர் அவர்களுடைய ஊராக ஆவதில்லை. விடுதிக் கூடத்தில் நீங்கள் கண்டவர் மூன்று ஆண்டுகளாக அதே தரையைத் துடைத்தும் அங்கே வேர்விட முடியாதவர். நீங்களோ ஆறு நாட்களில் திரும்பப் போகிற விருந்தினர். உங்கள் இருவருக்கும் அந்த ஊர் சொந்தமில்லை. ஆனால் விருந்தோம்பல் உங்களுக்கு மட்டுமே கிடைத்தது. உங்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். இந்த உறுத்தல் நியாயமானது. அதைப் போக்கிக்கொள்ள நான் வழி சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த உறுத்தலை முழுவதும் துபாயின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவர் உங்களிடம் கேட்டது சம்பளத்தைப் பற்றியோ முதலாளியைப் பற்றியோ அன்று; கண்மாயைப் பற்றி. இராமநாதபுரம் மாவட்டத்து விவசாயம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைத் தவிர வேறு வேலை கிடைக்காத ஊர்கள் அங்கே உண்டு. ஜனவரி மாதத்தில் கண்மாயில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பதைக் கேட்பவர், வயலில் நிற்கும் கதிர் வீடு வந்து சேருமா என்று கணக்குப் பார்க்கிறார். அந்தக் கணக்கில்தான் தான் ஊர் திரும்பும் நாளையும் வைத்திருக்கலாம். அவரை அந்தக் கூடத்துக்கு அனுப்பியதில் நம் மாவட்டங்களின் வறட்சிக்கும், இங்கே வாங்கிய கடனுக்கும் பங்கு இருக்கக்கூடும். அவர் உங்கள் பணத்தை மறுத்ததையும் இதோடு சேர்த்தே பாருங்கள். இரக்கத்தை வேண்டாமல், ஊர்க்காரர் ஒருவரிடம் ஊர்ச் செய்தி கேட்டார். அந்த மரியாதையோடுதான் நாமும் அவரை நினைக்க வேண்டும்.

உங்கள் கணவரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மகனின் மனம் நோகக் கூடாது என்ற கவலையில் அவர் பேசுகிறார்; அது நல்ல தந்தையின் கவலை. ஆனால் மகன் அவ்வளவு மெல்லிய மனம் உடையவராக இருக்கத் தேவையில்லை. "நீ கூட்டிப்போன இடமெல்லாம் எனக்குப் பிடித்தது, அங்கே இப்படி ஒருவரைப் பார்த்தேன், அவரை மறக்க முடியவில்லை" என்று அவரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். தன் தாய் எதைக் கண்டு கலங்குவாள் என்பது அவர் சிறு வயது முதல் அறிந்ததுதானே.

பக்கத்து வீட்டுப் பையனின் காரியம் அவசரமானது; இதில்தான் உங்கள் அனுபவம் உடனே பயன்படும். அனுப்பலாமா வேண்டாமா என்ற தீர்ப்பை நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த வீட்டின் வருமானமும் கடனும் அவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், பார்க்காததையும் சொல்லுங்கள். நீங்கள் போனது ஜனவரி. அங்கே காற்று இதமாக வீசும் மாதம். அந்தப் பையன் வாழப்போவது ஜூலையிலும் ஆகஸ்டிலும்; அப்போது வெப்பம் 45 பாகையைத் தாண்டுவதும் உண்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளி வேலைக்கு அந்நாட்டு அரசே தடை விதித்திருப்பதிலிருந்து அந்த வெயிலை அந்தத் தாய் புரிந்துகொள்ளட்டும்.

அதன் பிறகு சில கேள்விகளை அவள் கையில் கொடுங்கள். அனுப்பும் முகவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், விசாவுக்கு என்று லட்சக் கணக்கில் கேட்பவரிடமிருந்து அப்போதே எழுந்து வந்துவிட வேண்டும். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் முதலாளி கட்டக் கூடாது. சுற்றுலா விசாவில் போய் வேலை தேடிக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும், அது எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும், கேட்க வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பையன் பத்தாம் வகுப்புத் தேறாதவன் என்றால் குடிபெயர்வு அனுமதி பெற்ற பிறகே அவன் விமானம் ஏற முடியும். அதைத் தொல்லை என்று நினைத்துக் குறுக்கு வழி தேடுகிறார்கள். அவனைக் காப்பதற்கென்றே அந்த நடைமுறை ஏற்பட்டது. அதனுடன் எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டில், விபத்தில் இறப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒப்பந்தத்தின் நகல் ஒன்று, சம்பளமும் வேலையும் தெளிவாக எழுதப்பட்ட நிலையில், புறப்படும் முன்பே தாயின் பெட்டியில் இருக்க வேண்டும். போன பின் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்க வேண்டியதில்லை; அதை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது அங்கேயும் சட்டவிரோதமே. சம்பளம் கையில் கொடுக்கப்படாமல் வங்கி வழியாக வருகிறதா என்பதையும் முதல் மாதமே கவனிக்கச் சொல்லுங்கள். 2009 முதல் அதற்கென்று தனி முறை அங்கே நடப்பில் இருக்கிறது.

கடைசியாக ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: எத்தனை மாதத்துக்கு ஒருமுறை விடுப்பு, ஊர் வந்து போக விமானக் கட்டணம் யார் தருவது? சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு இதைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். பிறந்த மகளைத் தொலைபேசித் திரையில் மட்டுமே பார்த்து வளர்க்கும் நிலை பெரும்பாலும் இந்தக் கேள்வி கேட்கப்படாத இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த எண்ணை இன்னும் வைத்திருக்கிறீர்கள் அல்லவா? விசாரித்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். தங்கை வீட்டுக்குப் போய் ஓராண்டுக்கு மேலாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவரையும் அழைத்துக்கொண்டு முதுகுளத்தூருக்குப் போய் வாருங்கள். போகுமுன் அந்தத் தொழிலாளியைத் தொலைபேசியில் அழைத்து எந்த ஊர், எந்தக் கண்மாய் என்று கேட்டுக்கொண்டு, அந்தக் கரையில் நின்று, நீர் இருந்தாலும் வற்றியிருந்தாலும், ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.