பள்ளியில் சமயம் கற்பிக்கலாமா? சுங்கை சிப்புட் பெற்றோரின் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில், ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகள் இவை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்டார்கள்.

ஐயா, என் மகள் தேசியப் பள்ளியில் (மலாய் வழி அரசாங்கப் பள்ளி) முதலாம் ஆண்டு படிக்கிறாள். அவளையும் இஸ்லாமியக் கல்வி வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

பயப்படாதீர்கள், அம்மா. தன் சமயம் அல்லாத வேறு சமயத்தின் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆவது விதி சொல்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் சமயத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது காப்பாளர். இஸ்லாமியக் கல்வி நடக்கும் நேரத்தில் உங்கள் மகளுக்கு, முஸ்லிம் அல்லாத பிள்ளைகளுக்கான நன்னெறிக் கல்விப் பாடம் நடக்க வேண்டும். நடக்கவில்லை என்று தெரிந்தால் முதலில் வகுப்பாசிரியரைப் பாருங்கள். அப்புறம் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே சமயம் சொல்லித் தருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இல்லை? (லாரி ஓட்டுநர், இரண்டு பிள்ளைகளின் தந்தை)

1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தில் அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 50ஆவது பிரிவின்படி, ஒரு பள்ளியில் ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் இஸ்லாமியக் கல்வி கொடுத்தாக வேண்டும். 51ஆவது பிரிவு மற்ற சமயங்களுக்கு உரியது. அரசாங்க உதவி பெறும் பள்ளியின் மேலாளர் வாரியம் விரும்பினால் கற்பிக்கலாம், ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்திலிருந்து ஒரு காசும் அதற்குச் செலவாகக் கூடாது. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கும் வலிக்கிறது, தம்பி. அதை மூடி மறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் நாளைக்கே பணம் வந்து, கால அட்டவணையில் இந்து சமயம் ஏறினால் சந்தோஷப்படுவேனா என்றால், தயங்குவேன். எந்த இந்து சமயத்தைப் பாடமாக்குவார்கள்? தேவாரம் ஓதும் வீடும் நம்மிடம் இருக்கிறது. பெருமாளுக்குப் புரட்டாசி சனி பிடிக்கும் வீடும், வள்ளலார் வழியில் விளக்கு மட்டும் ஏற்றும் வீடும் இருக்கின்றன. மதுரை வீரனுக்குச் சேவல் அறுக்கும் வீடு நம் தோட்டங்களில் எத்தனை! பாடநூல் என்று வந்தால் ஒன்று அச்சில் ஏறும், மற்றவை சிறுத்துப்போகும். ஒரு பிள்ளை தன் பாட்டியின் சாமியைப் பார்த்து “இது புத்தகத்தில் இல்லையே” என்று சொல்வதைக் கேட்க எனக்கு மனம் வராது. அப்புறம் பரீட்சை. பக்திக்கு மதிப்பெண் போட்டால் அதற்கும் டியூஷன் வைப்பார்கள்.

என் கருத்து இதுதான்: சமயங்களைப் பற்றிய அறிவைப் பள்ளி தரட்டும், எல்லாச் சமயங்களையும் எல்லாப் பிள்ளைகளுக்கும். வழிபாட்டையும் பக்தியையும் வீடும் கோயிலும் தரட்டும். சொந்த சமயத்தைக் கற்பிக்க நிலையம் அமைக்கும் உரிமையை அதே 12ஆவது விதி ஒவ்வொரு சமயக் குழுவுக்கும் தந்திருக்கிறது.

நன்னெறிக் கல்வி போதாதா? (இடைநிலைப்பள்ளி மாணவனின் அக்கா)

நல்ல பாடம்தான், கற்பித்த முறைதான் கெடுத்தது. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கு 36 நெறிகளையும் விளக்கத்தோடு மனப்பாடம் செய்த தலைமுறையைக் கேட்டுப் பாருங்கள். முதல் நெறி இறைநம்பிக்கை. 1970இல் வந்த நாட்டின் கோட்பாடுகளான ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடும் அதுவே. ஆனால் பக்கத்து மேசைக்காரன் இறைவனை எப்படி நம்புகிறான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாமலே போயிற்று.

நாங்கள் கிறிஸ்தவர்கள். மகன் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். காலையில் தேவாரம் பாடி, விபூதி பூசுகிறார்கள். சொல்லவும் தயக்கம், சும்மா இருக்கவும் முடியவில்லை. (ஒரு தந்தை)

இந்தச் சீட்டைக் கொடுத்ததற்கு நன்றி, ஐயா. என் கதை ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு அப்போது 23 வயது, ஒரு தோட்டப் பள்ளியில் புது வாத்தியார். வெள்ளிக்கிழமை சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் கும்பிட, ஒரு கத்தோலிக்கப் பையன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “மரியாதை தெரியாதா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டு, நானே அவன் நெற்றியில் விபூதி பூசினேன். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கு வரவில்லை. நான்காவது வாரம் அவன் அப்பா, பால்வெட்டு முடிந்து அழுக்குச் சட்டையோடு வந்து நின்றார். “நீங்க அடிச்சிருந்தாகூட பரவாயில்லை, வாத்தியாரே” என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கும் அந்தப் பையனின் நெற்றி என் கண்ணுக்குள் நிற்கிறது.

தேசியப் பள்ளியில் நம் பிள்ளையைக் காக்கும் அதே விதிதான் தமிழ்ப்பள்ளியில் உங்கள் மகனையும் காக்கிறது. பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதம் இல்லாமல் வேறு சமய வகுப்பில் பிள்ளை கலந்துகொள்ளக் கூடாது என்று 51ஆவது பிரிவும் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் நானும் உங்களோடு வருகிறேன்.

தோட்டம் மூடிய பிறகு பிள்ளைகள் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) சிதறிவிட்டார்கள். சமய வகுப்பை எப்படி நடத்துவது? (ஆலய இளைஞர் பகுதி)

முதலில் வேன், அப்புறம்தான் பாடம். திருவிழாச் செலவில் ஒரு பங்கை வேனுக்கும் ஆசிரியருக்கும் ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். சிறியவர்களையும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒரு பதிகம் போதும், ஆனால் பொருள் தெரிந்து பாட வேண்டும். கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்.

முனியாண்டிக்கு ஏன் சுருட்டு வைக்கிறோம் என்று என் மலாய்த் தோழி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தாத்தா. (ஐந்தாம் ஆண்டு மாணவி)

அவர் காவல் தெய்வம், கண்ணு. ரப்பர் நடுவதற்காகக் காடு வெட்ட வந்த நம் ஆட்களுக்குப் பாம்பு பயம், புலி பயம், காய்ச்சல் பயம். ஊர் எல்லையில் காவல் நின்ற சாமியை இங்கேயும் கூப்பிட்டு, மரத்தடியில் கல்லும் சூலமும் நட்டு வைத்தார்கள். உழைத்துக் களைத்த மனுஷன் எதை ஆசையாகப் புகைத்தானோ, அதையே வீட்டுப் பெரியவருக்கு வைப்பதுபோல அவருக்கும் வைத்தான். தோழியிடம் இதைச் சொல்லு. உன் பாட்டி இருந்த தோட்டத்தில் முனியாண்டி எந்த மரத்தடியில் இருந்தார் என்று கேட்டு, அடுத்த ஞாயிறு எனக்கு வந்து சொல்லு.