காசோலை இல்லாத நன்கொடை: தேர்தல் காசு பற்றிய கேள்வி பதில்

வேட்பாளர்களுக்கு நிறுவனங்கள் கொடுக்கும் பணம் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றுக்கு, வேட்பாளர்களின் செலவறிக்கைகளைத் தயாரித்துக் கொடுத்த அனுபவமுள்ள ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: ஐயா, ஒரு கம்பனி வேட்பாளருக்குப் பணம் கொடுப்பது இலங்கையில் குற்றமா?

உள்ளூர்க் கம்பனியானால் குற்றமில்லை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம், அரச நிறுவனங்கள், வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள், தம்மை யாரென்று வெளிப்படுத்தாதவர்கள் ஆகியோரிடமிருந்து வாங்குவதையே தடுக்கிறது. மற்றவர்களிடம் வாங்கலாம்; ஆனால் பணமாக வந்ததையும் பொருளாக வந்ததையும், முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் அறிக்கையில் காட்ட வேண்டும். விகிதாசார முறை வந்தபோது பழைய செலவு உச்சவரம்பு கைவிடப்பட்டதால், ஏறத்தாழ நான்கு தசாப்தங்களுக்கு யாரும் எவ்வளவும் செலவிடலாம் என்ற நிலையே இங்கு இருந்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில்தான் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்ற கணக்கில், ஒரு வேட்பாளருக்குச் சுமார் 186 கோடி ரூபா என்று வரம்பு வந்தது.

ஏறாவூரிலிருந்து: சேர், எங்கள் பக்கத்தில் அப்படிப் பெரிய கம்பனிகள் இல்லையே. இது கொழும்புக்காரரின் விடயமல்லவா?

அப்படி நினைப்பதுதான் தவறு. எங்கள் மாவட்டங்களில் நிறுவனம் என்றால் பெரும்பாலும் வீதிக் கொந்தராத்துக்காரர், மணல், கிறவல் அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர், அரிசி ஆலைக்காரர். இவர்கள் காசோலை எழுதுவதில்லை. வேட்பாளரின் வாகனங்கள் எரிபொருள் நிலையத்துக்குப் போகும். சாரதி ஒரு சிறு துண்டைக் கொடுப்பார். அதில் இலக்கமும் லீற்றரும் ஒரு சுருக்கொப்பமும் மட்டும் இருக்கும். மாத முடிவில் அந்தத் துண்டுகளுக்கான கணக்கைக் கொந்தராத்துக்காரர் தீர்ப்பார். நான் அறிக்கை தயாரித்த ஒருவரிடம் எரிபொருள் செலவைக் கேட்டபோது, ‘அது எங்கட ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்’ என்றார். அந்த ஆட்களின் பெயரை எழுதச் சொன்னேன். அடுத்த முறை அவர் வேறு கணக்காளரிடம் போய்விட்டார்.

கட்சிக்கு வாக்களிப்பதோடு அதன் பட்டியலில் விரும்பியவர்களையும் குறிக்கும் விருப்பு வாக்கு முறை இதை இன்னும் மோசமாக்குகிறது. 1989 பொதுத் தேர்தலிலிருந்து ஒரே பட்டியலில் நிற்பவர்களே ஒருவரோடொருவர் போட்டியிட வேண்டியிருக்கிறது. மட்டக்களப்பில் கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என மூன்று தொகுதிகளையும், அம்பாறை மாவட்டத்துக்கான திகாமடுல்லத் தேர்தல் மாவட்டத்தில் அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் என நான்கையும் ஒரு தனி மனிதர் சுற்றிவர வேண்டும். கட்சி அவருக்குச் சின்னத்தைத் தரும், டீசலைத் தராது.

கல்முனையிலிருந்து: கொடுத்தவருக்குத் திரும்பக் கிடைப்பது என்ன? ஒரு கொந்தராத்துக்காகப் பாராளுமன்றத்தில் கை உயர்த்துவார்களா?

கை உயர்த்த வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை. யாருடைய தொலைபேசி அழைப்பு முதலில் எடுக்கப்படுகிறது, எந்த மணல் அனுமதி இரண்டு கிழமையில் வருகிறது, எந்த முறைப்பாட்டுக் கடிதம் அலுமாரியிலேயே கிடக்கிறது என்பவற்றில்தான் அது தெரியும். இவற்றில் எதற்கும் எழுத்தில் சாட்சி இராது.

பெரிய அளவில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2020 ஒக்டோபர் 13ஆம் திகதி, இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி 25 சதமாகக் குறைக்கப்பட்டது. அரசுக்குச் சுமார் 1,600 கோடி ரூபா வருமானம் போயிற்று. கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. ஹிங்குரானையில் கரும்பு விளையும் மாவட்டத்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இதில் தேர்தல் நன்கொடைக்குப் பங்கு உண்டு என்று நான் கூறவில்லை. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்ற பதிவே அன்று இல்லாதபோது, உண்டென்றும் இல்லையென்றும் யாராலும் நிறுவ முடியாது என்பதைத்தான் குறிப்பிடுகிறேன்.

வாழைச்சேனையிலிருந்து: கல்குடா எதனோல் தொழிற்சாலையும் இப்படித்தானா?

2017இல் நம் மக்கள் எதிர்த்த அந்தத் தொழிற்சாலை டபிள்யூ. எம். மென்டிஸ் நிறுவனத்தினுடையது. அந்த வணிகக் குழுமத்திடமிருந்து தாம் பெற்ற காசோலை தேர்தல் உதவி என்று 2018இல் ஓர் அரசியல்வாதியே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இவை இரண்டும் உண்மை. ஆனால் ஒன்றினால்தான் மற்றது நடந்தது என்பதற்கு இவை மட்டும் போதா. ஆதாரம் இல்லாத இடத்தில் நான் கோடு இழுக்க மாட்டேன். ஆயினும், காசோலை வந்த அன்றே அது பகிரங்கமாக இருந்திருந்தால், தொழிற்சாலை பற்றி மக்கள் கேட்ட கேள்விகள் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து: இந்தியாவின் தேர்தல் பத்திரம் நல்ல வழி என்று சிலர் சொன்னார்களே?

அது கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வங்கியில் வாங்கும் பத்திரம். வங்கி வழியாகப் பணம் வந்தது என்பதால் சொன்னார்கள். ஆனால் கொடுத்தவர் பெயர் மக்களுக்கு மறைக்கப்பட்டது. அதனாலேயே இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரி 15ஆம் திகதி அதை இரத்துச் செய்தது. பெயர்கள் வெளிவந்தபோது, அதிகம் வாங்கியவர் 1,368 கோடி இந்திய ரூபாவுக்குப் பத்திரம் வாங்கிய ஒரு லொத்தர் நிறுவனம் என்று தெரிந்தது. பத்திரங்களால் மிகுதியாகப் பெற்றது பாரதிய ஜனதா. அந்த லொத்தர் நிறுவனத்திடமிருந்து மட்டும் 500 கோடிக்கு மேல் பெற்றது தி.மு.க. கொள்கை வேறானாலும் உண்டியல் ஒன்றாகலாம்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: அப்படியானால் கம்பனிகள் கொடுப்பதை முற்றாகத் தடுத்தால் என்ன?

அமெரிக்காவில் 1907இலேயே தடுத்தார்கள். தண்ணீர் வேறு வாய்க்காலால் போயிற்று. அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளரோடு சேராத தனிக் குழுக்களுக்குக் கம்பனிகள் வரம்பின்றிக் கொடுக்கலாம் என்றாயிற்று. எனக்கு வேண்டியது சிறியது, சகோதரி. நமது 2007 கம்பனிகள் சட்டப்படி ஆண்டறிக்கையில் நன்கொடைகளின் மொத்தத் தொகையைப் போட்டால் போதும். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் வேட்பாளருக்கும் கொடுத்தது எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும். அந்த வரியைப் பிரித்து எழுதச் செய்தால், வேட்பாளரின் அறிக்கையோடு ஒப்பிட ஒரு மறுபக்கம் கிடைக்கும்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு மாணவன்: வேட்பாளரின் அறிக்கையை நான் பார்க்க முடியுமா, ஐயா?

வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தால், அறிக்கைகள் பார்வைக்கு வைக்கப்படும் காலத்தில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பார்க்கலாம், தம்பி. நன்கொடைப் பக்கத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அது பெரும்பாலும் தூய்மையாகவே இருக்கும். செலவுப் பக்கத்தில் பதாகைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். தேர்தல் நாட்களில் உங்கள் ஊர்ச் சந்தியிலிருந்து கல்லடிப் பாலம் வரை நீங்கள் எண்ணியது அதைவிட அதிகமாக இருந்தால், மிகுதியை யார் அச்சிட்டார் என்று எழுத்தில் கேளுங்கள்.