கணுக்கால் வலியை யாரிடமும் சொல்லவில்லை

கேள்வி: எனக்கு வயது 29. டொராண்டோவில் வளர்ந்தேன், 6 வயதில் பாலே தொடங்கி 16 வயதில் லண்டனுக்குப் பயிற்சிக்குப் போனேன், கடந்த 7 வருடமாக ஜெர்மனியில் ஒரு நகர அரங்கின் குழுவில் ஆடுகிறேன். இங்கே பெரும்பாலும் ஒரு வருட ஒப்பந்தம்தான், புதுப்பிக்கப் போவதில்லை என்றால் அக்டோபர் முடிவதற்குள் சொல்லிவிடுவார்கள், அதனால் அந்த மாதம் வந்தாலே எங்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். இந்த முறை கடிதம் எனக்கு வந்துவிட்டது. புதிய இயக்குநருக்கு வேறு மாதிரி ஆட்கள் வேண்டுமாம். கோடையோடு சரி. வலது கணுக்காலின் பின்பக்கம் ஒரு வருடமாக வலி, மாத்திரை போட்டுச் சமாளிக்கிறேன், அது பெரிய விஷயமில்லை. ஆனால் ஆடிஷனுக்குப் போக மனசே வரவில்லை. விரல்நுனியில் நின்று ஆடப் போடும் என் பாயின்ட் ஷூவுக்காக இரவு வேலைக்குப் போனவர் அப்பா, வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பாலே தவிர எனக்கு எதுவும் தெரியாது. என்ன செய்வது?

பதில்: "அது பெரிய விஷயமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. வலிக்கிறது என்றால் வேடம் இன்னொருவருக்குப் போய்விடும் என்பது உங்கள் தொழிலில் சின்ன வயதிலேயே ஊறிவிடுகிறது, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் விரல்நுனியில் ஏறும் ஒவ்வொரு தடவையும் நசுங்குவது கணுக்காலின் அந்தப் பின்பக்கம்தான். நடனக் கலைஞர்களைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள். வரமாட்டேன் என்பது மனசா, காலா என்று அதுவரை உங்களுக்கே தெரியாது.

மாஸ்கோவின் போல்ஷோய் பாலே குழுவில் முதன்மைக் கலைஞரான முதல் அமெரிக்கர் டேவிட் ஹால்பெர்க், கணுக்கால் காயத்தால் இரண்டு வருடத்துக்கு மேல் மேடையேறவில்லை. மெல்பர்னில் ஆஸ்திரேலிய பாலேயின் மருத்துவக் குழுவிடம் சிகிச்சை எடுத்து 2016இல் திரும்ப ஆடினார், 2021இல் அங்கேயே கலை இயக்குநரானார். நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் பொறுமை குழுவில் ஆடுபவருக்குக் கிடைக்காது, அதுவும் உண்மைதான்.

அப்புறம், பாரிஸ் ஓபராவின் பாலே குழுவிலேயே 42 வயதில் ஓய்வு. இந்தத் தொழில் சீக்கிரம் முடிவது உங்கள் தோல்வியில்லை. நடனக் கலைஞர்கள் வேறு வேலைக்கு மாற உதவும் ஸ்டிஃப்டுங் டான்ஸ் என்ற அறக்கட்டளை பெர்லினில் 2010 முதல் இருக்கிறது. முடிவெடுத்த பிறகுதான் போக வேண்டும் என்றில்லை, குழப்பத்தோடே போய்ப் பேசுங்கள்.

அப்பாவின் இரவு வேலைக்குக் கடன் அடைப்பதாக நினைத்துத்தான் மறைக்கிறீர்கள் என்று தோன்றுகிறது, தப்பாக இருந்தால் எழுதுங்கள். அடுத்த தடவை வீட்டிலிருந்து போன் வரும்போது வேலை போன விஷயம் வாயில் வராவிட்டாலும் பரவாயில்லை, கால் வலிக்கிறது என்றாவது சொல்லுங்கள்.