மைசூர்பாகு கல்லாகிறதா?

வணக்கம். இனிப்புகளை ருசி பார்க்கும் நிகழ்ச்சி ஒன்றுக்காக, 1 கப் கடலை மாவுக்கு 2 கப் சர்க்கரை, 1 கப் நெய் போட்டதில் மைசூர்பாகு கல்லாகிவிட்டது என்கிறீர்கள். நெய் போதவில்லை, பாகும் முற்றியிருக்கும். சர்க்கரை, நெய் இரண்டையும் 1½ கப் ஆக்குங்கள். மாவைச் சலித்து, லேசாக வறுத்து, அரை கப் உருக்கிய நெய்யில் கட்டியில்லாமல் கரையுங்கள். பாகுக்கு அரை கப் தண்ணீர். ஒற்றைக் கம்பிப் பதம் (விரல்களுக்கிடையே தொட்டு இழுத்தால் ஒரே நூலாக நீள்வது) வந்ததுமே மாவை ஊற்றிக் கிளறுங்கள். தாண்டிவிட்டால் இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுத் திரும்பக் கொதிக்கவிடலாம், மாவு சேர்த்தபின் அதற்கு வழியில்லை. மீதி நெய்யைச் சூடாகவே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். நுரைத்து, ஓரம் விட்டுச் சுருண்டதும் உடனே இறக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே வில்லை போட்டுவிடுங்கள், ஆறினால் உதிரும்.

ருசி பார்க்கும் நிகழ்ச்சிக்கு முந்தின நாளே செய்யலாம். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து மணமே தெரியாது. பல இனிப்புகளைச் சுவைக்க வருபவர்களுக்கு ஓரங்குலத் துண்டு தாராளம்.