கரடியே இல்லாத ஊரின் கரடி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஜப்பான் ரயில்களைப் பற்றிய கட்டுரையில் குமாமோன் என்ற கருப்புக் கரடியை, ஆள் உள்ளே புகுந்து ஊருக்கு விளம்பரம் செய்கிற அந்தப் பொம்மையை, இரண்டே வரியில் கடந்துபோய்விட்டீர்கள். அதைத் தேடிப் போனால் ஊருக்கு ஒரு பொம்மை, காவல்துறைக்கு ஒரு பொம்மை, அசாஹிகாவா சிறைச்சாலைக்குக்கூட ஒரு பொம்மை! வரிப்பணத்தில் பெரியவர்கள் இப்படி விளையாடுவது சிறுபிள்ளைத்தனம் இல்லையா? ஆனால் பார்த்தால் எனக்கே பாசம் வந்துவிடுகிறது. எல்லாப் பொருளிலும் ஆவி உண்டு என்கிற ஷிண்டோ மத நம்பிக்கைதான் காரணம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சரியா?

கே.

அன்புள்ள கே.,

ஷிண்டோவை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். ஜப்பானில் எதைப் பார்த்தாலும் ஷிண்டோ, ஜென் என்று காரணம் சொல்லி முடித்துவிடுவது காணொளிக்காரர்களுக்கு வசதி. ஆனால் நூற்றாண்டுகளாக இருக்கும் நம்பிக்கை திடீரென்று 2007 வாக்கில் ஏன் ஊர் ஊராகப் பொம்மைகளைப் பெற்றுப்போட வேண்டும்? காரணம் இதைவிடச் சாதாரணமானது. 1999இல் ஜப்பானில் 3,232 உள்ளாட்சிகள் இருந்தன, செலவைக் குறைக்க ஒன்றோடொன்றை இணைத்துக்கொண்டே வந்ததில் 2010இல் 1,727தான் மிச்சம். பழைய பேரை இழந்துவிட்ட ஊர்கள், பேர் இருந்தும் ஆள் இல்லாத ஊர்கள், பிள்ளைகளெல்லாம் டோக்கியோவுக்குப் போய்விட்ட ஊர்கள். நாங்களும் இருக்கிறோம் என்று எப்படியாவது யாருக்காவது சொல்லியாக வேண்டிய நிலைமை.

அந்த நேரத்தில்தான் ஹிக்கோனே கோட்டையின் 400ஆம் ஆண்டு விழாவுக்காகச் சிவப்புப் போர்த்தொப்பி போட்ட வெள்ளைப் பூனை ஒன்று வந்தது. பெயர் ஹிக்கோன்யான். கோட்டையை ஆண்ட பிரபுவை ஒரு பூனை கையசைத்துக் கூப்பிட்டு இடியிலிருந்து காப்பாற்றியதாக ஒரு கதை உண்டு, தொப்பி அந்த வம்சத்தின் சிவப்புக் கவசத்திலிருந்து வந்தது. கோட்டையைப் பார்க்க வந்த கூட்டத்தில் பாதி பூனையைப் பார்க்கத்தான் வந்ததோ என்னவோ, மற்ற ஊர்களெல்லாம் கண் விழித்துக்கொண்டன.

இவற்றுக்கு யுரு-க்யாரா என்று பெயர் வைத்தவர் ஜுன் மியுரா என்கிற ஓவியர், கட்டுரையாளர். தளர்வான, ஒரு மாதிரி அசட்டுத்தனமான பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மூன்று நிபந்தனைகள் சொன்னார்: ஊர்ப் பாசம் அழுத்தமாக இருக்க வேண்டும், நடை உடல் அசைவெல்லாம் தடுமாற்றமாகவும் தனி மாதிரியாகவும் இருக்க வேண்டும், பார்த்தால் அன்பு வர வேண்டும். என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் எல்லாமே இருக்கிறது. தலை பெரிது, கை குட்டை, தன் காலே தனக்குத் தெரியாது, கதவில் நுழையும்போது மாட்டிக்கொள்ளும், பக்கத்தில் சட்டை டை போட்ட ஒரு அரசு ஊழியர் சிரிக்காமல் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார். பெரிய கேளிக்கைப் பூங்காக்களின் பொம்மைகள் ஒருநாளும் இடறாது. அதனால்தான் அவற்றை ரசிக்கிறோம், ஆனால் பாவம் என்று தோன்றுவதில்லை. உங்களுக்கு வந்த பாசம் அந்த 'பாவம்' என்கிற இடத்திலிருந்து வருவது என்பது என் கணிப்பு.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். நன்றாக ஓடிய பொம்மைகளில் பலவும் கமிட்டி உட்கார்ந்து யோசித்து, திருத்தி, எல்லோரும் தலையாட்டி வந்தவை அல்ல. குமாமோனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச்சில் கியூஷு ஷின்கன்சென் என்ற புல்லட் ரயில் பாதை முழுதாகத் திறக்கப்போகிறது, ஒசாக்காவிலிருந்து ஏறுகிறவர்கள் நம் ஊரில் இறங்காமல் நேரே ககோஷிமாவுக்குப் போய்விடுவார்களே என்று குமாமோட்டோ மாகாணத்துக்குக் கவலை. வடிவமைப்பாளர் மனாபு மிசுனோவிடம் கேட்டது ஒரு லோகோ மட்டும்தான். அவராகவே சேர்த்துக் கொடுத்த கொசுறுதான் இந்தக் கரடி. இத்தனைக்கும் கியூஷு தீவில் காட்டுக்கரடியே கிடையாது! அதை ஒசாக்கா தெருக்களில் திரியவிட்டு, விசிட்டிங் கார்டு கொடுக்க வைத்து, அப்புறம் கரடியைக் காணவில்லை என்று அறிவித்துத் தேடச் சொன்னார்கள். பிறகு மாகாண அரசே அதற்கு விற்பனைத் துறைத் தலைவர் பதவி கொடுத்தது.

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குமாமோன் படத்தைப் போட, ஊருக்கு நல்லது செய்கிற பொருள் என்றால், அனுமதி வாங்கினால் போதும், காசு வேண்டாம் என்றது குமாமோட்டோ. ஊர்த் தக்காளிப் பெட்டியிலும் பிஸ்கட் பொட்டலத்திலும் கரடி உட்கார்ந்துகொண்டது. 2011 நவம்பரிலிருந்து இரண்டு வருடத்தில் 12,320 கோடி யென் பொருளாதாரப் பயன் என்று ஜப்பான் வங்கியின் குமாமோட்டோ கிளை கணக்குப் போட்டது. இது ஒரு கரடியின் கதை. மற்ற நூற்றுக்கணக்கான பொம்மைகள் எந்த அலுவலக அலமாரியில் மடங்கிக் கிடக்கின்றனவோ. அந்த வகையில் வரிப்பணம் வீண் என்கிற உங்கள் எரிச்சலில் பாதி நியாயம்தான். ஒசாக்கா மாகாணமே தன் பொம்மைக் கூட்டம் தாங்காமல் மோசுயான் என்ற பறவையை முன்னால் நிறுத்திவிட்டு மற்றவற்றைக் குறைத்தது.

நாரா கதை இன்னும் ருசியானது. அந்த ஊர் ஒரு காலத்தில் தலைநகரானதன் 1300ஆம் ஆண்டு நிறைவு விழாவுக்காக 2008இல் செந்தோகுன்னை அறிமுகப்படுத்தினார்கள். குழந்தை புத்தர் முகம், தலையில் மான் கொம்பு. அருவருப்பாக இருக்கிறது, புத்தரை அவமதிக்கிறது என்று ஊரே கொதித்தது, பிக்குகளும் எதிர்த்தார்கள், போட்டிக்கு வேறு பொம்மைகள்கூட வந்தன. கடைசியில் அந்தச் சண்டையாலேயே செந்தோகுன் நாடு முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டது. ஃபுனாபாஷி ஊரின் ஃபுனாஷ்ஷி என்கிற பேரிக்காய்த் தேவதையோ, நகராட்சி அங்கீகரிக்காத தனி ஆள். மற்ற பொம்மைகள் பேசாது, இது கத்தும், குதிக்கும், துள்ளி விழும். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போட்டு அனுமதித்திருக்க மாட்டார்.

போட்டி வைத்ததுதான் இதையெல்லாம் கெடுத்தது. வருடா வருடம் நடந்த யுரு-க்யாரா கிராண்ட் பிரீயில் 2015இல் 1,700க்கு மேல் பொம்மைகள் கலந்துகொண்டன. 2018இல் யோக்காய்ச்சி நகராட்சி ஊழியர்களுக்கே ஓட்டுப்போட ஐடிகளைக் கொத்தாகக் கொடுத்தது வெளியே வந்து, சந்தேக ஓட்டுகளைக் கழித்தபின் அவர்களின் பொம்மை மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. தடுமாறி நடப்பதுதான் அழகு என்று தொடங்கிய விஷயத்தில் கள்ள ஓட்டு! 2020உடன் அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

சிறுபிள்ளைத்தனம் என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் வேறு பதில் இருக்கிறது. 2016 ஏப்ரலில் குமாமோட்டோவை இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் உலுக்கியபோது குமாமோனின் ட்விட்டர் கணக்கு அப்படியே மௌனமானது. துக்கத்துக்கு நடுவில் கரடி ஆடினால் நன்றாக இருக்காது என்று வெளியே விடவில்லை. மே 5, சிறுவர் தினத்தன்று நிஷிஹாரா கிராமத்துக் குழந்தைகள் காப்பகத்துக்கு வந்தது, பிள்ளைகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். உள்ளே யாரோ ஒரு ஆள் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது அங்கே நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் சொந்த விருப்பம் சுசாகி ஊரின் ஷின்ஜோகுன். நீர்நாய். ஜப்பானிய நீர்நாயை மனிதர் கடைசியாக 1979இல் பார்த்தது அந்த ஊர் ஷின்ஜோ ஆற்றில்தான், 2012இல் இனமே அழிந்துவிட்டதாக அரசு அறிவித்தது. இல்லாமல் போன பிராணியின் தலையில் உள்ளூர் ராமென் சட்டியைக் கவிழ்த்துச் சிரிக்கவிட்டிருக்கிறார்கள். இதே ஊருக்குச் சுற்றுலாத் தூதராகச் சீட்டான் என்ற நிஜ நீர்நாய் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பெயரில் திரிந்த பொம்மை புல்வெட்டும் இயந்திரத்தைச் சுழற்றி வீடியோ போட, நகராட்சிக்குப் புகார் குவிந்து, 2019 ஜனவரியில் பதவியைப் பறித்தார்கள். சீட்டான் பொம்மை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, பதவி இல்லாமலே இன்னும் விழுந்து புரண்டுகொண்டிருக்கிறது.