சிட்னியில் பிள்ளைகளோடு குடியேற எந்தப் பகுதி?

கேள்வி: என் கணவருக்கு ஆஸ்திரேலியாவில், சிட்னியின் பாரமட்டாவில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. 482 என்னும் தற்காலிக வேலை விசாவில் வரும் செப்டம்பரில் நால்வரும் புறப்படுகிறோம். மகளுக்கு எட்டு வயது. மகனுக்குச் சென்ற ஏப்ரலில் நான்கு முடிந்தது. நான் இங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அங்கும் வேலைக்குப் போக விருப்பம். கணவரின் அத்தை மகன், 'மார்ஸ்டன் பார்க்கில் புது வீடு கிடைக்கும், அந்த அளவு வீட்டுக்கு வாடகையும் குறைவு' என்கிறார். என் கல்லூரித் தோழி, 'பள்ளிக்கூடத்துக்காக எப்பிங்தான்' என்கிறாள். கணவரின் பழைய மேலாளரோ, தமிழர்கள் நிறைந்த டூங்காபியைச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இங்கிருந்தே வீடு பேசி முன்பணம் அனுப்பிவிடலாமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மூவரும் உங்கள் நன்மையை எண்ணித்தான் சொல்கிறார்கள். ஆனால் நெடுநாள் அங்கே வாழ்ந்து, நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) பெற்று, வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும் கணக்கு, 482 விசாவில் முதன்முதலாகச் சென்று இறங்கும் குடும்பத்துக்குப் பொருந்தாது. மலிவான பகுதி எது என்பதை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்தால், வாடகையில் மிச்சமாவதைக் காட்டிலும் அதிகமாகப் பிள்ளைப் பராமரிப்பிலும் பயணத்திலும் கொடுக்க நேரும். ஆகவே, பகுதிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் உங்கள் விசாவைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளை டே கேரில் விடும் பெற்றோருக்கு அரசு தரும் சைல்ட் கேர் சப்சிடி என்னும் மானியம், குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும், குறிப்பிட்ட சில தற்காலிக விசாக்காரர்களுக்கும் மட்டுமே உரியது. 482 விசா அந்தப் பட்டியலில் இல்லை. சிட்னியில் டே கேர் கட்டணம் ஒரு நாளைக்கு 130, 150 டாலர் என்பது சாதாரணம். மானியம் இல்லாமல் நாளொன்றுக்கு 140 டாலர் வீதம் ஐந்து நாளும் விட்டால் வாரத்துக்கு 700 டாலர் ஆகிறது. அது ஒரு வீட்டு வாடகைக்கு இணையான தொகை. உங்கள் கணவரின் அத்தை மகனுக்கு மானியம் கிடைத்திருக்கும் என்பதால், இந்தச் செலவு அவர் நினைவுக்கே வந்திருக்காது. வாடகை குறைவு என்று அவர் மகிழ்ந்து சொல்லும்போது, உங்கள் வீட்டின் மிகப் பெரிய செலவு வேறொன்றாக இருக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தியும் ஒன்று உண்டு. சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஓர் ஆண்டின் ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைகிற பிள்ளை, அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, அதாவது ஜனவரி இறுதியிலோ பிப்ரவரி தொடக்கத்திலோ, பள்ளியில் சேரலாம். அந்த முதல் வகுப்பைக் கிண்டர்கார்டன் என்பார்கள். பெயரைக் கேட்டு நம் ஊர் எல்.கே.ஜி. என்று எண்ணிவிட வேண்டாம், அது முழுநேரத் தொடக்கப்பள்ளியின் முதல் ஆண்டு. உங்கள் மகனுக்கு அடுத்த ஏப்ரலில் ஐந்து நிறைவதால், வரும் ஜனவரியிலேயே அவன் பள்ளிக்குப் போய்விடலாம். 482 விசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு இந்த மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணம் உண்டு என்பதையும், அது இரு பிள்ளைகளுக்கும் சேரும் என்பதையும் இப்போதே வரவுசெலவில் எழுதிக்கொள்ளுங்கள். ஆயினும் ஓர் ஆண்டு முழுதும் டே கேருக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு. எனவே அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களை நீங்கள் வேலை தேடுவதற்கும், ஊரைப் பழகுவதற்கும், மகனை வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் ஒதுக்கிவிட்டு, பிப்ரவரியிலிருந்து வேலைக்குப் போகத் திட்டமிடுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி மார்ஸ்டன் பார்க். சிட்னியின் வடமேற்கு விளிம்பில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டருக்கும் அப்பால், அண்மைக் காலத்தில் எழுந்த புதுக் குடியிருப்பு அது. வீடுகள் பெரியவை, சமையலறைகள் பளபளப்பானவை, அண்டை வீடுகளில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் அங்கே இரயில் நிலையம் கிடையாது. பக்கத்து ஊரான ஸ்கோஃபீல்ட்ஸுக்குப் போய்த்தான் இரயில் ஏற வேண்டும். கணவர் காரை எடுத்துக்கொண்டு அலுவலகம் போய்விட்டால், நீங்களும் இரு பிள்ளைகளும் பேருந்தை நம்பியிருக்க வேண்டும், அல்லது இரண்டாவது கார் வாங்க வேண்டும். இரண்டாவது காரின் பதிவுக் கட்டணம், காப்பீடு, பெட்ரோல், தேய்மானம் எல்லாம் சேர்ந்து வாடகையில் கிடைக்கும் மிச்சத்தை எளிதில் விழுங்கிவிடும். அதோடு, தற்காலிக விசாவில் வருபவர்கள் ஆறு மாதத்துக்குள் அந்த மாநிலத்தின் ஓட்டுநர் உரிமத்துக்கு மாற வேண்டும் என்று 2023 ஜூலை முதல் விதி இருக்கிறது. இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் அதற்கு எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் எழுதியாக வேண்டும்; கோவையில் பல ஆண்டு ஓட்டியவர்கள்கூட அந்தச் சாலைத் தேர்வில் முதல் முறை தவறுவது அரிதல்ல.

வெயிலையும் சொல்ல வேண்டும். கடற்காற்று சிட்னியின் மேற்குப் புறத்தை எட்டுவதற்குள் களைத்துவிடும். 2020 ஜனவரி 4 அன்று மேற்கே உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. புதுக் குடியிருப்புகளில் கருநிறக் கூரைகள் நெருங்கி நிற்க, நட்ட மரங்கள் இன்னும் இடுப்பளவே இருப்பதால், கோடையில் பகல் முழுதும் குளிர்சாதனம் ஓடும். சிறு பிள்ளைகளை மாலையில் பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்ற எண்ணம் டிசம்பரிலும் ஜனவரியிலும் பல நாள் நிறைவேறாது. சொந்த வீடு வாங்கும் காலம் வரும்போது அந்தப் பகுதியைப் பரிசீலியுங்கள். முதல் ஆண்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்பிங் மறுக்க முடியாத நல்ல பகுதி. மெட்ரோவும் இரயிலும் உண்டு, பள்ளிகளுக்கு நற்பெயர் உண்டு, அதற்கேற்ற வாடகையும் உண்டு. ஆனால் உங்கள் கணவரின் அலுவலகம் பாரமட்டாவில். எப்பிங்கிலிருந்து அங்கே நேரடி இரயில் கிடையாது, பேருந்தில்தான் போக வேண்டும். அதிக வாடகை கொடுத்து, அலுவலகத்துக்கும் சுற்றிப் போவது எதற்காக? பள்ளித் தரவரிசைக்காகத்தான் என்றால், ஒரு செய்தி. சிட்னியில் அந்தப் பட்டியல்களில் முதலிடங்களைப் பிடிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளிகள் பெரும்பாலும் ஆறாம் வகுப்பில் நடக்கும் நுழைவுத் தேர்வின் மூலம் மாணவர்களைத் தேர்ந்தெடுப்பவை. அவற்றில் ஒன்றான கிர்ராவீன் உயர்நிலைப் பள்ளியின் பெயரைக் கேட்டு அந்த ஊரில் வீடு தேடும் நம்மவர்கள் பலர் உண்டு. அந்தப் பள்ளியின் மதிலை ஒட்டி வீடு எடுத்தாலும் இடம் கிடைக்க அது ஒரு காரணம் ஆகாது. மேலும் அத்தகைய பள்ளிகளில் சேர நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ தேவை. உங்கள் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டியது தொடக்கப் பள்ளி. அது வீட்டு முகவரியை வைத்துத்தான் கிடைக்கும். எந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்பதை மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் முகவரியை இட்டுப் பார்க்கலாம். ஒரே தெருவின் இரு பக்கங்கள் இரு பள்ளிகளுக்குப் போவதும் உண்டு என்பதால், வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

ஆகவே என் வாக்கு, உங்கள் கணவரின் பழைய மேலாளர் சொன்ன திசைக்குத்தான். அதையும் டூங்காபியோடு நிறுத்தாமல், ஒரே இரயில் பாதையில் அடுத்தடுத்து வரும் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிருந்து பாரமட்டாவுக்கு இரயிலில் சில நிறுத்தங்களே. அதே பாதை நகர மையத்துக்கும் போவதால், நாளை உங்களுக்கு அங்கே வேலை அமைந்தாலும் வீடு மாற்ற வேண்டியதில்லை. பொதுப் போக்குவரத்துக்கான ஓப்பல் அட்டையில் ஒரு பெரியவருக்கு வாரத்துக்கு 50 டாலருக்கு மேல் கழியாது என்ற வரம்பு இருப்பதால், பயணச் செலவை முன்கூட்டியே கணக்கிட முடியும். வென்ட்வொர்த்வில்லுக்கு அடுத்த நிறுத்தமான வெஸ்ட்மீடில் குழந்தைகளுக்கான பெரிய மருத்துவமனை இருக்கிறது. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறும்போது அதன் அருமை தெரியும். இலங்கைப் போரின் காரணமாக வந்து சேர்ந்த ஈழத் தமிழர்கள் பல ஆண்டுகளாக உருவாக்கிய மளிகைக் கடைகளும் உணவகங்களும் இந்தப் பாதையை ஒட்டி இருக்கின்றன. மேஸ் ஹில்லில் முருகன் கோயில் அருகிலேயே இருக்கிறது, வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் சுற்றுவட்டாரத்தில் நடக்கின்றன. தமிழர் சூழலுக்காக மட்டும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. ஆனால் முதல் மூன்று மாதம் யாரையும் தெரியாத ஊரில், அதன் மதிப்பைக் குறைத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. இப்பகுதியின் பழைய வீடுகளில் பல, ஃபைப்ரோ எனப்படும் பழைய தகடுகளால் கட்டியவை. அவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கக்கூடும் என்பதால், சுவரில் ஆணி அடிப்பதும் துளையிடுவதும் கூடாது. ஜூலை காலைகளில் வீட்டுக்குள்ளேயே குளிர் நடுக்கும், ஆகவே சூடேற்றும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். டூங்காபி ஓடையை அடுத்த சில தெருக்களில் வெள்ள அபாயம் உண்டு. நகராட்சியின் வெள்ள வரைபடத்தில் அந்த முகவரியைப் பாருங்கள். வாடகை கட்டுப்படாவிட்டால், பெரிய வீட்டின் பின்புறம் கட்டியிருக்கும் கிரானி ஃப்ளாட்டும் ஒரு நல்ல தொடக்கம்தான். ஆனால் அது நகராட்சி அனுமதி பெற்றதா, தனி மின் மீட்டர் உண்டா, பள்ளிச் சேர்க்கைக்குக் காட்டும்படி உங்கள் பெயரில் முறையான ஒப்பந்தம் தருவார்களா என்ற மூன்றையும் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எந்த வீட்டைப் பார்த்தாலும் மாலை நேரத்தை வைத்து அதை எடைபோடுங்கள். அரசுப் பள்ளி மூன்று மணியளவில் முடிகிறது. பள்ளி முடிந்த பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்கள் ஆறு மணியளவில் மூடிவிடும், தாமதித்தால் நிமிடக் கணக்கில் அபராதம் கேட்பதும் வழக்கம். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நாளில், ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டு, இரயில் ஏறி, நடந்து, ஆறுக்குள் பிள்ளைகளை அழைத்து வர முடியுமா? முடியாது என்றால் வாரத்துக்கு 50 டாலர் கூடுதலாகக் கொடுத்து நிலையத்துக்கு நெருக்கமாக வருவது வீண் செலவு அல்ல. நிலையத்திலிருந்து நடந்து 15 நிமிடத் தொலைவு என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளியிலேயோ பக்கத்திலோ உள்ள மையத்தில் இடம் இருக்கிறதா என்பதையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும்.

கோவையிலிருந்தே பணம் அனுப்புவதைப் பற்றி: வேண்டாம். நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கேட்பவர்களில் மோசடிக்காரர்கள் அதிகம். முதல் சில வாரங்களுக்குப் பாரமட்டாவிலோ வெஸ்ட்மீடிலோ சாமான்களோடு கூடிய தற்காலிகத் தங்குமிடம் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் ஏஜென்ட்டுகள் திறந்து காட்டும் வீடுகளைப் பாருங்கள். வேலை நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், இங்கே உங்கள் வீட்டு உரிமையாளர் ஆங்கிலத்தில் எழுதித் தரும் பரிந்துரை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள். அங்கே வாடகை வரலாறு இல்லாத உங்களுக்கு இவைதாம் துணை. வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள், அதை நான்கால் பெருக்கி மாத வாடகை என்று எண்ணிவிடாதீர்கள்: வாரம் 650 டாலர் என்றால் மாதம் 2,600 அல்ல, ஏறத்தாழ 2,817. பாண்ட் எனப்படும் வைப்புத் தொகை நான்கு வார வாடகைக்கு மேலும், முன்வாடகை இரண்டு வாரத்துக்கு மேலும் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆக, கையெழுத்திடும் நாளில் 3,900 டாலர் தயாராக இருந்தால் போதும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளை மறக்க வேண்டாம். அங்குள்ள மருத்துவர் அவற்றை அரசுப் பதிவேட்டில் ஏற்றித் தந்த பிறகு கிடைக்கும் சான்றைப் பள்ளியில் கேட்பார்கள். தற்காலிக விசாக்காரர்கள் முதலில் கல்வித் துறையிடம் விண்ணப்பித்து அனுமதிக் கடிதம் பெற்ற பின்பே பள்ளியை அணுக வேண்டும் என்பதால், முகவரி கிடைத்த அன்றே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

தேர்ந்தெடுத்த இடம் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் எட்டிப் பார்க்கிறது. ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் 12 மாத ஒப்பந்தத்தையே விரும்புவார்கள். ஆறு மாதம் கேட்டுப் பாருங்கள், மறுத்தாலும் கவலை வேண்டாம். அந்த மாநிலச் சட்டப்படி, ஒப்பந்தக் காலத்தில் கால் பங்கு முடிவதற்குள் விலகினால் நான்கு வார வாடகையும், பாதிக்குள் விலகினால் மூன்று வார வாடகையும், முக்கால் பங்குக்குள் இரண்டு வாரமும், அதன் பின் ஒரு வாரமும் இழப்பீடாகக் கொடுத்தால் போதும். அக்டோபர் நடுவில் குடிபுகுந்து, ஜனவரி இறுதியில் பள்ளி ஆண்டு தொடங்குவதற்கு முன் வேறு பகுதிக்கு மாற நினைத்தால், 650 டாலர் வாடகைக்கு உங்கள் இழப்பு 1,950 டாலர்.