அப்டேட் போட்டதிலிருந்து சார்ஜ் நிற்கவில்லை: நிறுவனங்கள் வேண்டுமென்றே செய்கின்றனவா?

"இயங்குதள அப்டேட் போட்ட பிறகு போனில் சார்ஜ் நிற்கவே மாட்டேன் என்கிறது. புது போன் வாங்க வைப்பதற்காக நிறுவனங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்கின்றனவா? பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராத்திரி தூங்கப் போகும் முன் அப்டேட்டை அழுத்தியிருப்பீர்கள். மறுநாள் கையில் எடுத்தால் போன் சுட்டிருக்கும். மதியத்துக்குள் பாதி சார்ஜ் இறங்கியிருக்கும். கோபத்தில் இந்தக் கேள்வியைத் தட்டியிருப்பீர்கள். அதே கோபத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: இன்றைக்கு எதையும் அழிக்காதீர்கள். குறிப்பாக, போனை மொத்தமாகத் துடைத்துப் புதிதாக்கும் ஃபேக்டரி ரீசெட் பக்கம் போகவே போகாதீர்கள். அங்கே போய்வந்தவன் கதையைக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. நான் எந்த நிறுவனத்துக்கும் சொம்பு தூக்க வரவில்லை. போன் பொறியாளரும் இல்லை. குடும்பத்தில் யார் போன் மக்கர் செய்தாலும் என்னிடம் வரும், என் தகுதி அவ்வளவுதான். "அப்படியானால் ஏன் பதில் எழுதுகிறாய்" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்போது என் போனுக்கு மூன்று வயது. பெரிய அப்டேட் ஒன்று வந்தது, போட்டேன். மறுநாள் காலை 100 சதவீதத்தோடு கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்கு 40. இரண்டாம் நாளும் அதே கதை, கூடவே சட்டைப்பையில் சூடு. மூன்றாம் நாள்தான் உச்சம். 31 சதவீதம் இருக்கும்போது கேமராவைத் திறந்தேன், திரை கறுத்துப்போய் போன் அணைந்துவிட்டது. பதறியடித்துச் சார்ஜரில் செருகினேன். உயிர் வந்ததும் 28 என்று காட்டுகிறது. 28 சதவீதம் உள்ளே இருக்கிறதென்றால் ஏன் அணைந்தாய்? அந்தக் கேள்வியைப் போனிடம் சத்தமாகவே கேட்டேன்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பக்கம் இருந்தவர் "ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள்" என்றார். எந்த பேட்டரி, எத்தனை வருடம், எந்தச் செயலி சார்ஜைக் குடிக்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லை. தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிடலாம் என்கிற வைத்தியம். நானும் செய்தேன்.

போட்டோக்கள் பேக்கப்பில் இருந்தன, பிழைத்தன. குறிப்புகள் எழுதும் செயலி மட்டும் எந்தக் கணக்கோடும் இணைக்கப்படாமல் இருந்தது எனக்குத் தெரியாது. நான்கு வருடக் குறிப்புகள், பழைய போனிலிருந்து கஷ்டப்பட்டுக் கொண்டுவந்தவை, ஒரே அழுத்தில் போயின.

அதைவிட எரிச்சல் கீபோர்டு. மூன்று வருடம் பக்கத்திலிருந்து என் தமிழைக் கற்றுக்கொண்ட கீபோர்டு, ஒரே நாளில் பச்சைக் குழந்தை ஆகிவிட்டது. அக்காவுக்கு "சரிக்கா" என்று அடித்தால் "சரிகா" என்று தானே மாற்றி அனுப்பியது. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "யாருடா அந்த சரிகா?" தமிழில் சொற்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று தெரியாத ஒருவர்தான் இந்தத் திருத்தும் வசதியை வடிவமைத்திருக்க வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்த சொல்லைப் பிழை என்று சிவப்புக் கோடு போடும், பிழையான சொல்லைத் தானே எடுத்து நீட்டும். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் இதை எங்கேதான் சொல்வது?

சரி, ரீசெட் செய்து என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அதே சூடு, அதே இறக்கம்.

ஒரு வாரம் கழித்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். செட்டிங்ஸில் பேட்டரி பக்கத்தைத் திறந்து, எந்தச் செயலி எவ்வளவு சார்ஜ் எடுத்தது என்ற பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தேன். முதலில் போட்டோ பேக்கப் செயலி. பின்னணியில் மட்டும் 9 மணி நேரம். அதைத் திறந்தால் மேலே சின்ன எழுத்தில் "1 கோப்பு மீதமுள்ளது" என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கோப்பு, எப்போதோ கை தவறி எடுத்த 14 நொடி வீடியோ. என் இடது கால் ஷூ, கொஞ்சம் தரை, அவ்வளவுதான். கோப்பு பழுதாகியிருந்தது. செயலி அதை ஏற்றப் பார்க்கும், பாதியில் முறியும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இரவெல்லாம் போன் கண் மூடாமல் என் ஷூவை மேகத்துக்கு அனுப்பப் போராடியிருக்கிறது.

வீடியோ இருந்தது மெமரி கார்டில். நான் செய்த ரீசெட் போனின் உள் நினைவகத்தைத்தான் துடைத்தது, கார்டைத் தொடவில்லை. அதனால் குறிப்புகள் போயின, ஷூ தங்கிவிட்டது. அப்டேட்டுக்குப் பிறகு அந்தச் செயலி கார்டை முதலிலிருந்து துழாவத் தொடங்கியதால்தான் பிரச்சினை அப்போது கிளம்பியது என்பது என் ஊகம். ஆகவே அப்டேட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குற்றவாளி அது இல்லை.

வீடியோவை அழித்ததும் சூடு நின்றது. 30 சதவீதத்தில் அணைவது மட்டும் நிற்கவில்லை. அது வேறு நோய், அது பேட்டரியின் வயது.

லித்தியம் அயான் பேட்டரி பழசாகும்போது அதில் இரண்டு விஷயங்கள் நடக்கும். கொள்ளளவு குறைவது எல்லோருக்கும் தெரியும். உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்கு பேட்டரியே உள்ளே போடும் முட்டுக்கட்டை, கூடுவதுதான் பலருக்குத் தெரியாது. சும்மா செய்தி படிக்கும்போது போன் கொஞ்சமாகத்தான் மின்சாரம் கேட்கும், கிழட்டு பேட்டரியும் கொடுத்துவிடும். கேமராவைத் திறந்தால் ஒரு நொடியில் மொத்தமாகக் கேட்கும். உள்தடை அதிகமான பேட்டரியில் அந்த நொடி மின்னழுத்தம் சடாரென்று விழும், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். சுமை போனதும் மின்னழுத்தம் ஏறிவிடும், 28 என்று பழையபடி காட்டும். அந்தச் சதவீதம் டம்ளரில் தண்ணீரை அளப்பதுபோல அளந்த எண் அல்ல, மின்னழுத்தத்தையும் உள்ளே போய் வெளியே வந்த மின்னோட்டத்தையும் வைத்து மென்பொருள் போடும் கணக்கு. பேட்டரி கிழடானால் கணக்கும் தடுமாறும். பேட்டரியை மாற்றினேன், அணைவது நின்றது. அதே போனில் பிறகு இன்னொரு பெரிய அப்டேட்டும் போட்டேன், எந்தச் சேதமும் இல்லை.

இப்போது உங்கள் "வேண்டுமென்றே" கேள்விக்கு வருகிறேன். உங்கள் சந்தேகத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது, காரணம் வரலாறு அப்படி. 2017 டிசம்பரில், பழைய ஐபோன்கள் அப்டேட்டுக்குப் பிறகு மெதுவாகின்றன என்பதை போனின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியின் சோதனை எண்களை வைத்து, அந்தச் செயலியை உருவாக்கிய ஜான் பூல் எழுதினார். இரண்டு நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு தொடக்கத்தில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 10.2.1 முதலே, பேட்டரி தளர்ந்த போன்களின் வேகத்தைக் குறைத்துவந்திருக்கிறார்கள். ஏன்? நான் மேலே சொன்ன அதே கோளாறு, திடீரென்று அணைவது, அதைத் தடுக்கத்தான். போன் அணையாமல் இருக்க அதை மந்தமாக்கியிருக்கிறார்கள், அதைப் பயனர்களிடம் சொல்லவில்லை. தொழில்நுட்பக் காரணம் நியாயம், மறைத்தது அநியாயம். அப்டேட்டுகள் போன்களை மந்தமாக்கியதற்காக 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. 2020இல் பிரான்ஸ் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ. 2017இல் கிளம்பிய அந்தச் சண்டைக்குப் பிறகுதான், 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல் பேட்டரி ஆரோக்கியம் காட்டும் பக்கமே வந்தது.

நேரடியாகவே பேட்டரியைக் குறைத்த அப்டேட்டும் உண்டு. 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு கூகுள் ஒரு அப்டேட் அனுப்பியது. சில போன்களில் பேட்டரியின் பயன்படும் கொள்ளளவு குறையும் என்று அவர்களே சொல்லி, இலவசமாக பேட்டரி மாற்றித் தரவும் முன்வந்தார்கள். ஆகவே "அப்டேட்டால் பேட்டரி குறையவே குறையாது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல "எல்லாமே சதி" என்பவர்களையும் நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டு 6இல் வந்த டோஸ் வசதி, போன் மேசையில் அசையாமல் கிடந்தால் பின்னணி வேலைகளைத் தூங்க வைத்தது. ஆண்ட்ராய்டு 9, நாம் அதிகம் தொடாத செயலிகளுக்குக் கடிவாளம் போட்டது. இரண்டுமே அப்டேட்டாகத்தான் வந்தன. சார்ஜ் கூடுதலாக நின்ற நாளில் யாரும் கேள்வி கேட்க வருவதில்லை.

என் குடும்பமே இதற்குச் சாட்சி. அக்கா போனில் ஒருமுறை அப்டேட் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்த போனில் எது நடந்தாலும் என் கணக்கில்தான். சிக்னல் இல்லையா, "நீ அன்னைக்கு என்னமோ பண்ணினியே". போட்டோ மங்கலா, அதுவும் நான்தான். போனைக் கீழே போட்டுத் திரை விரிசல் விட்டதற்குக்கூட "அப்டேட்டுக்கு அப்புறம் வழுக்குதுடா" என்றாள். அத்தான் இன்னொரு ரகம். அப்டேட் அறிவிப்பை இரண்டு வருடமாகத் தள்ளித் தள்ளி விடுவதையே விரதம்போலக் காத்துவருகிறார், என் ஷூ கதையைக் கேட்டதிலிருந்து அவருக்கு இன்னும் தெம்பு. அவரிடம் பாதுகாப்புத் திருத்தங்களும் அதே அப்டேட்டில்தான் வருகின்றன என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். "என் போனில் திருட என்ன இருக்கிறது" என்கிறார். வங்கிச் செயலி இருக்கிறது அத்தான்.

உங்கள் போனுக்கு வருவோம். அப்டேட் போட்ட முதல் சில நாட்கள் சார்ஜ் வேகமாக இறங்குவது சகஜம். ஆண்ட்ராய்டு 5, 6 காலத்தில் அப்டேட் முடிந்ததும் செயலிகளை ஒவ்வொன்றாகத் தயார்செய்வதைத் திரையில் எண்ணிக்காட்டும், நாம் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆண்ட்ராய்டு 7இல் அந்தக் காத்திருப்பு போய்விட்டது, வேலை போகவில்லை. பின்னணிக்கு மாறியது, அவ்வளவுதான். ஐபோனிலும் தேடல் அட்டவணை, போட்டோக்களில் முகங்களைப் பிரிப்பது என்று பின்னணி வேலை நடக்கும். இந்த மாதிரி வேலைகள் பெரும்பாலும் போன் சும்மா இருந்து சார்ஜரிலும் இருக்கும்போதுதான் ஓடும். ஆகவே இரண்டு மூன்று இரவுகள் சார்ஜரில் போட்டு, வைஃபையோடு விட்டுவிடுங்கள். செயலிகளையும் புதுப்பித்துவிடுங்கள், பழைய செயலி புது இயங்குதளத்தோடு முரண்டு பிடிப்பது உண்டு.

ஒரு வாரமாகியும் அடங்கவில்லை என்றால் பேட்டரி பக்கத்தைப் பாருங்கள். ஒரே செயலி பின்னணியில் மணிக்கணக்கில் ஓடியிருந்தால் ஆள் சிக்கிவிட்டான். அதைக் கட்டாயமாக நிறுத்திப் பாருங்கள், அல்லது நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். பட்டியலில் யாருமே தனியாகத் துருத்திக்கொண்டு தெரியவில்லை, 20, 30 சதவீதத்தில் அணைகிறது, குளிரில் இன்னும் மோசம் என்றால் பேட்டரிதான். ஆப்பிள் கணக்குப்படியே ஐபோன் 14 வரையான மாடல்களின் பேட்டரி 500 முழுச் சுழற்சியில் 80 சதவீதக் கொள்ளளவுக்கு வரும்படி வடிவமைக்கப்பட்டது, ஐபோன் 15 முதல் 1000. இன்று பாதி, நாளை பாதி சார்ஜ் செய்தால் சேர்த்து ஒரு சுழற்சி. தினமும் முழுதாகத் தீர்ப்பவருக்கு 500 என்பது ஒன்றரை வருடத்துக்கும் குறைவு.

பழைய பதிப்புக்குத் திரும்புவது பற்றி: ஐபோனில் ஆப்பிள் பழைய பதிப்புக்கு ஒப்பமிடுவதை, அதாவது அதை நிறுவ அனுமதி தருவதை, நிறுத்திவிட்டால் வழியே கிடையாது, அது பெரும்பாலும் சில வாரங்களில் நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் மாடலைப் பொறுத்தது. முடிந்தாலும் வழக்கமாக எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களும் போய்விடும். கிழட்டு பேட்டரி பழைய பதிப்பிலும் கிழடுதான். இதற்கும் "நான் இறக்கினேன், சரியாகிவிட்டது" என்று யாராவது வருவார்கள். ஆகியிருக்கலாம். எல்லாவற்றையும் துடைத்ததால் சரியானதா, பதிப்பால் சரியானதா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

எந்த போன், வாங்கி எத்தனை வருடம், அப்டேட் போட்டு இன்று எத்தனையாவது நாள் என்று கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை. எழுதுங்கள், பார்க்கலாம். மெமரி கார்டு இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.